பாகான் செராய்க்குப் போய் வந்தேன்

தைப்பிங் நிலையத்தில் வடக்கே போகும் கமுட்டர் ரயிலில் ஏறி, கமுந்திங்கைத் தாண்டிச் சிறிது நேரம் சென்றால், சன்னலுக்கு வெளியே இரு பக்கமும் தண்ணீர் தெரியும். அதுதான் புக்கிட் மேரா ஏரி. ரயில் தண்ணீரின் மேலேயே ஓடுவது போலிருக்கும். முதல் முறை போகிறவர்கள் எழுந்து நின்று படம் பிடிப்பார்கள். எனக்கு அது பழகிய தண்ணீர். அந்த ஏரிக்கு அப்பால், பாகான் செராய் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். இப்போது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன்.

சென்ற பள்ளி விடுமுறையில் அந்த ரயிலில் போனபோது, ஏரியைப் பார்க்கும் மனநிலையில் நான் இல்லை. அதற்கு இரண்டு நாள் முன்பு, இரவு பத்து மணிக்கு அண்ணி தொலைபேசியில் அழைத்து அழுதார்.

"பாப்பா தாய்லாந்துக்குப் போறாளாம். இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கிற வேலையாம். ஏஜெண்டுக்கு ஆயிரம் வெள்ளி கட்டியாச்சு. மீதி மூவாயிரத்துக்கு என் சங்கிலியை அடகு வைக்கணும்னு உங்க அண்ணன் சொல்றாரு. நீ வந்து ஒரு வார்த்தை கேளேன்."

அண்ணன் மகளுக்கு வயது இருபத்து மூன்று. வணிகப் பிரிவில் டிப்ளோமா முடித்தவள். பாரிட் புந்தாரில் ஒரு பேரங்காடியில் காசு வாங்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஆங்கிலம் நன்றாகப் பேசுவாள். "இந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு இங்கேயே நிற்பதா?" என்று அவள் என்னிடமே பல முறை கேட்டிருக்கிறாள்.

நல்ல வேளையாக அதே வாரத்தில் என் பள்ளித் தோழி ஒருத்தி ஜப்பானிலிருந்து தன் தாயாரைப் பார்க்கப் பாகான் செராய்க்கு வந்திருந்தாள். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அங்கே வீடுகளில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துச் சம்பாதிப்பவள். இவளைவிடத் தகுந்த ஆள் யார் கிடைப்பார் என்று எண்ணிக்கொண்டு கிளம்பினேன்.

பாகான் செராயைப் பார்க்காத வாசகர்களுக்கு அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மலாய் மொழியில் 'பாகான்' என்றால் படகுத் துறை. 'செராய்' என்றால் நம் வீட்டுச் சமையலிலும் சேர்க்கும் அந்த வாசனைப் புல். ஊர் சிறியது. ஈப்போவுக்கும் பினாங்குக்கும் போகும் பழைய பெரிய சடக்கு ஊரின் நடுவே செல்கிறது. இரு பக்கமும் கடை வரிசை, ஒரு பாசார், ஒரு ரயில் நிலையம். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். வயல் வேலை செய்பவர்களில் பாஞ்சார் மக்கள் நிறைய உண்டு.

இந்த வயல்களுக்காக வெட்டப்பட்டதுதான் நான் சொன்ன ஏரி. கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் என்ற பெயரில் ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1906ஆம் ஆண்டில் வேலை முடிந்தது. அதற்கு முன்பே இந்த வட்டாரத்தில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. நம் முன்னோர்கள் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே இறக்கப்பட்டது கரும்பு வெட்டத்தான். பக்கத்துக் கடலோர ஊரான கோலா குலாவின் பெயரில் இருக்கும் 'குலா' என்ற மலாய்ச் சொல்லுக்குச் சீனி என்பது பொருள். 1910ஆம் ஆண்டில் ஒப்பந்தக் கூலி முறை நின்றது. கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்ததும் நம்மவர்கள் பட்டணத்து ஓரத்தில் மலிவு வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். என் அண்ணனும் அப்படித் தோட்டத்தை விட்டு ஊருக்கு வந்தவர்தான். லோரி ஓட்டுகிறார்.

ரயில் நிலையத்திலிருந்து தோழியின் வீட்டுக்கு நடந்தே போனேன். வழியில் ஒரு பழைய கடை வீட்டின் முன் சற்று நின்றேன். இப்போது அங்கே கைப்பேசி பழுது பார்க்கிறார்கள். முன்பு அதன் ஐந்தடியில் ஒரு மேசையும் இரண்டு நீள நாற்காலிகளும் கிடந்தன. யாழ்ப்பாணத்து வாத்தியார் என்று ஊரே அழைத்த ஒரு முதியவர் அங்கே ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். நானும் தோழியும் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, 1993இல் இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தபோது, மாலையில் அவரிடம்தான் போனோம். மாதம் ஐந்து வெள்ளி. இல்லாத மாதத்தில் அவர் கேட்டதில்லை.

"பிழை விட்டாலும் பரவாயில்லை. வாய் திறந்து கதை, பிள்ளை. திருத்த நான் இருக்கிறன்" என்பார்.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிகள் 1816ஆம் ஆண்டிலேயே வந்து பள்ளிகள் தொடங்கினார்கள். வட்டுக்கோட்டையில் அவர்கள் 1823இல் நிறுவிய உயர்கல்விக் கூடம் பெயர் பெற்றது. அப்படி ஆங்கிலம் கற்ற தலைமுறைகளிலிருந்து பலர் மலாயாவுக்கு வந்து ரயில்வேயிலும் அரசாங்கக் காரியாலயங்களிலும் பள்ளிகளிலும் அமர்ந்தார்கள். ஆனால் வந்தவர்கள் எல்லாரும் உடனே நாற்காலியில் அமர்ந்துவிடவில்லை. எங்கள் வாத்தியார் 1930களில், ரப்பர் விலை விழுந்து வேலை இல்லாத காலத்தில் பினாங்கில் கப்பலிறங்கியவர். அரசாங்க வேலை கிடைக்கவில்லை. பாகான் செராயில் உறவினர் வீட்டுத் திண்ணையில் தங்கினார். ஒரு தவுக்கே ரயில்வேக்கு எழுத வேண்டிய கடிதம் ஒன்றை இலவசமாக எழுதிக் கொடுத்தார். கடிதத்துக்குப் பதில் வந்ததும் தவுக்கே தம் மகனை அனுப்பினாராம். அவன்தான் முதல் மாணவன். பிறகு செட்டியார் கிட்டங்கிப் பையன்கள் வந்தார்கள்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்ததும் ஆங்கில வகுப்பு நின்றது. அவரே ஜப்பானிய மொழி படிக்க வேண்டியதாயிற்று என்று சொல்லிச் சிரிப்பார். அவரிடம் படித்தவள் ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பாள் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்!

தோழியின் வீட்டில் அண்ணனும் அண்ணன் மகளும் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் முகம் இறுகியிருந்தது. தோழியின் தாயார் எல்லாருக்கும் தே கலக்கிக் கொடுத்தார். தோழி உடனே புத்திமதி சொல்லத் தொடங்கவில்லை. தன் கதையைச் சொன்னாள்.

அவள் கணவர் பொறியாளர். நகோயாவுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இவள் குடும்பத்தாருக்கான விசாவில் போனாள். அந்த விசாவில் நினைத்தபடி வேலை செய்ய முடியாது. குடிநுழைவு அலுவலகத்தில் தனியாக அனுமதி கேட்டு வாங்க வேண்டும். அப்போதும் வாரத்துக்கு 28 மணி நேரம் வரைதான். முதலில் அனுமதியை வாங்கி வைத்துக்கொண்டு ஆங்கிலப் பேச்சுப் பள்ளி ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். தொலைபேசியில் பேசியவர்கள் மகிழ்ச்சியாக வரச் சொன்னார்கள். நேரில் போய் நின்றதும் இடம் நிரம்பிவிட்டது என்றார்கள்.

"என் மூஞ்சியைப் பார்த்ததும் நிரம்பிடுச்சு" என்றாள், சாதாரணமாக.

ஓர் ஆண்டு வேலையில்லை. நகராட்சியின் பன்னாட்டு நட்புறவு நிலையத்தில் வெளிநாட்டவருக்கு ஜப்பானிய மொழி சொல்லித் தருவார்கள். அங்கே போய்ப் படித்தாள். தொண்டூழியராகப் பாடம் நடத்திய ஓர் அம்மையார், இவள் வீட்டுப்பாடம் எழுதும் ஒழுங்கைப் பார்த்துவிட்டுத் தம் பேத்திக்கு ஆங்கிலம் சொல்லித் தர முடியுமா என்று கேட்டார். ஒரு மணி நேரத்துக்கு 2,000 யென். அதுதான் தொடக்கம்.

"நீங்கள் அமெரிக்கரா என்று கேட்ட தாய்மார் உண்டு. இல்லை, மலேசியத் தமிழ் என்று சொன்னேன். சில பேர் திரும்ப வரலை. ஆனா பொய் சொல்லலை. பொய் சொல்லியிருந்தா ஒவ்வொரு நாளும் அதைக் காப்பாத்தணும் இல்லையா?"

ஜப்பானில் 2020ஆம் ஆண்டு முதல் தொடக்கப்பள்ளி ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடமாகிவிட்டது. 'எய்கென்' என்று ஒரு தேர்வும் உண்டு. பெற்றோர்கள் அதற்காகப் பிள்ளைகளைத் தயார் செய்கிறார்கள். தோழியிடம் வரும் பிள்ளைகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவர்களே. நடுவில் அவள் செல்டா என்னும் கேம்பிரிட்ஜ் பயிற்சியையும் முடித்தாள். அது 120 மணி நேரப் படிப்பு. அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்கு முன் நின்று பாடம் நடத்திக் காட்ட வேண்டும்.

"ஆங்கிலம் தாய்மொழியா உள்ளவங்களுக்கு அது ஏன் கஷ்டம்னு தெரியாது. நமக்குத் தெரியும். நாம விழுந்து எழுந்து படிச்சவங்க. எந்த இடத்துல பிள்ளை விழும்னு எனக்கு முன்னாடியே தெரியும். அதுக்குத்தான் எனக்குக் காசு கொடுக்கறாங்க" என்றாள்.

இதைக் கேட்டு அண்ணன் மகளின் முகம் மலர்ந்தது. "அதைத்தான் ஆன்டி நானும் சொல்றேன். நானும் போய்ச் சம்பாதிக்கிறேன்" என்றாள்.

"சம்பாதி. ஆனா உன் ஏஜெண்ட் அனுப்பினதை எனக்குக் காட்டு."

பெண் கைப்பேசியைக் கொடுத்தாள். தோழி வரி வரியாகப் படித்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். சம்பளம் எழுதியிருந்தது. தங்குமிடம் இலவசம் என்று எழுதியிருந்தது. பள்ளியின் பெயர் எங்கும் இல்லை. சுற்றுப்பயணி போல எல்லையைக் கடந்தால் போதும், வேலை அனுமதி பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. ஹாட்ஜாயில் வேன் காத்திருக்கும், கடப்பிதழை ஓட்டுநரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று இருந்தது. வேலை இடம் மே சோட்.

தோழி வரைபடத்தைத் திறந்து அண்ணனிடம் காட்டினாள். ஹாட்ஜாய் நம் எல்லைக்குப் பக்கம். மே சோட்டோ அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், மியன்மார் எல்லையில் இருக்கிறது. நடுவில் ஓர் ஆறு. ஆற்றுக்கு அக்கரை மியாவாடி. 2022ஆம் ஆண்டு முதல் செய்தித்தாளில் நாம் படித்துவரும் பெயர் அது. நல்ல வேலை என்று நம்பிப் போன மலேசியர்களையும் பிற நாட்டினரையும் அடைத்து வைத்து, தொலைபேசியிலும் கணினியிலும் மற்றவர்களை ஏமாற்றும் வேலையைச் செய்ய வைத்த இடங்களில் ஒன்று.

"மே சோட்டுலயும் உண்மையான பள்ளிக்கூடங்கள் இருக்கு. நான் இல்லைன்னு சொல்லலை" என்றாள் தோழி. "ஆனா தாய்லாந்துப் பள்ளியில வெளிநாட்டுக்காரர் பாடம் நடத்தணும்னா பொதுவா பட்டம் வேணும். வேலைக்கான விசா வேணும், வேலை அனுமதி வேணும், ஆசிரியர் மன்றத்து அனுமதியும் வேணும். அதுக்கெல்லாம் பள்ளிதான் தாள் கொடுக்கணும். உன்கிட்ட பட்டம் இல்லை. பள்ளி பேரும் இல்லை. அப்புறம் யாரு தாள் கொடுப்பா?"

பெண் விடவில்லை. கொரியாவுக்குப் போகலாமே என்றாள். கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கும் விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான் என்று தோழி சொன்னாள். மலேசியா அந்தப் பட்டியலில் இல்லை. ஜப்பானிலும், பள்ளிக்கூடங்களில் ஆசிரியராக ஆங்கிலம் கற்பிக்க விசா கேட்பவர் பன்னிரண்டு ஆண்டுகளாவது ஆங்கில வழியில் படித்திருக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியிலும் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்த நம் பிள்ளைகளுக்கு அது எங்கே இருக்கிறது? கணவரோடு போனதால்தான் தனக்கு வழி கிடைத்தது என்பதையும் அவள் மறைக்கவில்லை.

அதுவரை பேசாமல் இருந்த அண்ணன், "மூணு மாசம் பார்த்துட்டுப் பிடிக்கலைன்னா வந்துடலாம்னு ஏஜெண்ட் சொன்னானே" என்றார். சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார்.

எங்கள் வீட்டில் அந்த 'மூன்று மாதம்' என்ற சொல்லுக்கு ஒரு கதை உண்டு. ஜப்பானியர் காலத்தில் தோட்டத்து ஆட்களைச் சயாமுக்குப் பிடித்துப் போனபோது, முதலில் பலரை ஆசை காட்டித்தான் அழைத்தார்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், சாப்பாடு இலவசம் என்றார்கள். எங்கள் தாத்தாவின் தம்பி அப்படித்தான் ரயிலேறினார். மரண ரயில்வே போட்ட இடத்திலிருந்து அவர் திரும்பவில்லை. எங்கள் பாட்டி சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணனுக்கும் எனக்கும் அது மனப்பாடம்.

அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய் நின்றார். திரும்பி வந்து, "சங்கிலி வீட்டுலயே இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான்.

ஆனால் வாசகர்களே, கதை அதோடு சுபமாக முடிந்துவிட்டது என்று எழுதினால் அது உண்மையாகாது. அண்ணன் மகள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அத்தை, உங்களுக்கு மாசம் பொறந்தா அரசாங்கச் சம்பளம் வருது. ஜப்பான் ஆன்டிக்கு வழி கிடைச்சிடுச்சு. எனக்குப் போகாதேன்னு மட்டும்தான் சொல்றீங்க. நான் என்ன செய்யட்டும்?"

எனக்குப் பதில் வரவில்லை. இருபது ஆண்டுக்கு மேலாகப் பிள்ளைகளிடம், "ஆங்கிலம் படி, ஆங்கிலம் சோறு போடும்" என்று சொல்லி வந்தவள் நான். 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் என்று அரசாங்கம் கொண்டுவந்தபோது மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அதையும் கற்பித்தேன். 2012 முதல் அது படிப்படியாக மாறியபோது மாற்றிக் கற்பித்தேன். என் பேச்சை நம்பிப் படித்த பெண், படித்ததை வைத்து என்ன செய்வது என்று கேட்டால், நான் சொல்லத்தானே வேண்டும்?

பதிலைத் தோழிதான் சொன்னாள். "முதல் மாணவன் விளம்பரத்தைப் பார்த்து வர மாட்டான். நீ செய்யற வேலையைப் பார்த்த ஒருத்தர்தான் அனுப்புவாங்க. நம்ம வாத்தியாருக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். முதல்ல இங்கேயே ரெண்டு பிள்ளைக்குச் சொல்லிக் கொடு. பகுதி நேரமாப் பட்டத்தை முடி. வெளிநாடு எங்கேயும் ஓடிடாது. தாளோட போகலாம்."

அன்று மாலை அண்ணன் மகள் என்னோடு பேசாமலேயே வீட்டுக்குப் போனாள். மறுநாள் அண்ணனும் நானும் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். ஏஜெண்டின் எண் இரண்டு நாளில் அணைந்துவிட்டது. ஆயிரம் வெள்ளி இன்று வரை வரவில்லை. அது அண்ணன் இரவு பகலாக லோரி ஓட்டிச் சேர்த்த காசு.

இரண்டு வாரம் கழித்துப் பெண்ணிடமிருந்து ஒரு செய்தி வந்தது. எஸ்.பி.எம். ஆங்கிலத் தாளுக்குப் பழைய கேள்விகள் இருந்தால் அனுப்பும்படி கேட்டிருந்தாள். பக்கத்து வீட்டு மலாய் அம்மாள் தம் மகளை அனுப்ப ஒப்புக்கொண்டாராம். இப்போது மாலையில் அண்ணன் வீட்டு முன்கூடத்தில் ஐந்து பிள்ளைகள் உட்காருகிறார்கள். அவர்களில் மூவர் தமிழ்ப்பள்ளியிலிருந்து புகுமுக வகுப்புக்குப் போனவர்கள். பேரங்காடி வேலையை அவள் இன்னும் விடவில்லை. பட்டப்படிப்புக்கு மனுப் போட்டிருக்கிறாள். இந்த ஐந்து பேர் பத்து, இருபது என்று வளர்ந்து, டியூஷன் நிலையம் என்று பலகை மாட்டும் நாள் வந்தால், 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி முறையாகப் பதிய வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். விடுமுறையில் நானும் போய் உதவலாமா என்று கேட்டாள். அரசாங்க ஆசிரியை வெளியே சம்பளத்துக்குப் பாடம் நடத்த வேண்டுமானால் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். அத்தையாக வந்து சும்மா உட்கார அனுமதி வேண்டாம் என்றேன். அவள் சிரித்த குரலைக் கேட்டு நாளாகியிருந்தது.

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பிள்ளைகள் வெளிநாடு போகக் கூடாது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. நாமே வந்தவர்களின் பிள்ளைகள்தாம். ஆனால் போகுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பள்ளியின் பெயர் என்ன? விசாவுக்குத் தாள் கொடுப்பவர் யார்? கடப்பிதழ் யார் கையில் இருக்கும்? வேலை கொடுப்பவருக்கு நாம் ஏன் பணம் கட்ட வேண்டும்? நான்குக்கும் தெளிவான பதில் வந்தால் பிள்ளையை ஆசீர்வதித்து அனுப்புங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் நகையை அடகுக் கடைக்குக் கொண்டு போகாதீர்கள்.

புகார் கொடுத்த அன்று மாலை ரயிலில் திரும்பினேன். பாகான் செராய் வயல்களில் தண்ணீர் கட்டி நாற்று நட்டிருந்தார்கள். புக்கிட் மேரா ஏரி வந்ததும் எதிரே இருந்த ஒரு சிறுவன் எழுந்து நின்று, "அம்மா, ரயிலு தண்ணியில போகுது!" என்றான். போகும்போது பார்க்காததைத் திரும்பும்போது நானும் எழுந்து நின்று பார்த்தேன்.